உருப்படாத டெட்டும் உருப்படியான உபதேசிகளும்

ஏனாத்தூரில் காலை எட்டரை மணி பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிக் கூட்டத்தைப் பாருங்கள். அதில் ஒருவன் கண்டிப்பாக இருப்பான். கறுப்பு டீ ஷர்ட், அதில் ஒரு மண்டை ஓடு, ஓட்டைச் சுற்றி யாராலும் படிக்க முடியாத எழுத்தில் ஏதோ ஒரு பேண்டின் பெயர். காதில் இயர்போன். தலை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் மூன்று நொடி பார்ப்பார். நான்காவது நொடியில் தீர்ப்பு வந்துவிடும்: "இதெல்லாம் எங்க உருப்படப் போவுது!"

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டைக்குப் பஞ்சமே கிடையாது. கார்த்திகை மாதம் மாலை போட்டவர் கறுப்பு. பெரியார் கட்சிக்காரர் கறுப்பு. இருவரையும் பார்த்து யாரும் 'உருப்படாதவன்' என்று சொல்வதில்லை. மண்டை ஓடா? காளி கழுத்தில் மாலையாகவே தொங்குகிறது. மயிலாப்பூர் சாமிக்குப் பெயரே கபாலி. ஆகக் குற்றம் கறுப்பிலும் இல்லை, கபாலத்திலும் இல்லை. அந்தப் பையன் கவலையில்லாமல் தலையாட்டுகிறானே, அதுதான் பொறுக்கவில்லை.

இப்படி மூன்று நொடியில் தீர்ப்பு எழுதுகிற உபதேசிகளுக்காகவே ஒரு சினிமாக் கதாபாத்திரம் இருக்கிறது. பெயர் டெட். முழுப் பெயர் டெட் தியோடர் லோகன். 'டெட்' என்பதே 'தியோடர்' என்பதன் சுருக்கம்தான். அதாவது பெயரிலேயே ஒரே பெயர் இரண்டு தடவை வரும். ஆசாமி அப்படி!

1989 பிப்ரவரியில் வெளிவந்த 'பில் அண்ட் டெட்ஸ் எக்ஸலன்ட் அட்வென்ச்சர்' படத்தின் இரண்டு நாயகர்களில் ஒருவன் இவன். பின்னாளில் 'ஸ்பீட்', 'மேட்ரிக்ஸ்' என்று உலகமே அறிந்த கீனு ரீவ்ஸ்தான் டெட். அலெக்ஸ் வின்டர் பில். இரண்டு பேரும் கலிஃபோர்னியாவில் சான் டிமாஸ் என்ற ஊரில் பள்ளி மாணவர்கள். 'வைல்ட் ஸ்டாலியன்ஸ்' என்று ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் வைத்திருக்கிறார்கள். (நம்ம ஊர்ப் பெயர் மாதிரி காதில் விழுந்தாலும் அர்த்தம் 'காட்டுக் குதிரைகள்'. அதையும் எழுத்துப் பிழையோடுதான் எழுதுவார்கள்.) பேண்டில் மொத்தமே இரண்டு பேர். இரண்டு பேருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எடி வேன் ஹேலன் வந்து சேர்ந்தால் பேண்ட் எங்கேயோ போய்விடும் என்பது அவர்கள் கணக்கு.

வரலாற்றுப் பாடத்தில் இருவரும் பூஜ்யம். ஜோன் ஆஃப் ஆர்க் யார் என்று வாத்தியார் கேட்டால், நோவாவின் மனைவியா என்று டெட் திருப்பிக் கேட்கிறான். (ஆர்க் என்றால் பேழை, பேழை என்றால் நோவா. யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது!) கடைசி வாய்ப்பாக ஒரு வரலாற்று உரை தயாரிக்க வேண்டும். அதிலும் தோற்றால், போலீஸ் அதிகாரியான டெட்டின் அப்பா அவனை அலாஸ்காவில் இருக்கும் ராணுவப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். பேண்ட் பிரிந்துவிடும்.

அந்த நேரத்தில் எதிர்காலத்திலிருந்து ரூஃபஸ் என்பவர் ஒரு டெலிபோன் பூத்தில் வந்து இறங்குகிறார். அந்தப் பூத்தில் ஏறினால் எந்தக் காலத்துக்கும் போகலாம். 2688ஆம் வருட உலகம் முழுக்க இந்தப் பையன்களின் இசைமேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, அதனால் இவர்கள் ஃபெயிலானால் அந்த உலகமே இல்லை என்பது கதை. இருவரும் பூத்தில் ஏறி நெப்போலியன், சாக்ரடீஸ், பீத்தோவன், ஜோன் ஆஃப் ஆர்க், செங்கிஸ்கான், ஃபிராய்டு, லிங்கன், பில்லி த கிட் என்று ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு வந்து பள்ளி மேடையில் நிறுத்தி பாஸ் ஆகிறார்கள். 1991இல் இரண்டாம் பாகம், 2020இல் மூன்றாம் பாகம் வந்தன.

இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் டெட்டை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: முட்டாள். பாசமாகச் சொல்பவர்கள் 'அப்பாவி முட்டாள்' என்பார்கள். சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டெட் முட்டாள் இல்லை. அவனை முட்டாள் என்று சொல்கிற அளவுகோல்தான் முட்டாள்தனமானது.

எப்படி என்று பார்ப்போம்.

டெட்டுக்கு சாக்ரடீஸ் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாது. 'சோ-கிரேட்ஸ்' என்பான். ஆனால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அறிவதே அறிவு என்ற சாக்ரடீஸின் கருத்து காதில் விழுந்ததும், அட, அது நாமதானே என்று முகம் மலர்கிறான். அரங்கமே சிரிக்கும் இடம் அது. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் கருத்தைப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிற எத்தனை பேர் அதைத் தன்மேல் போட்டுப் பார்த்திருப்பார்கள்? தெரியாது என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ளும் மாணவன் வகுப்பில் ஒருவன்கூட இருக்க மாட்டான். டெட் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டதால்தான் நேரில் போய்ப் பார்க்கிறான்.

அவன் வரலாற்று மனிதர்களை நடத்தும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பேரரசன் என்று பணிவதும் இல்லை, கிழவன் என்று ஒதுக்குவதும் இல்லை. எல்லோரும் அவனுக்குக் கூட்டாளிகள்தான். பீத்தோவனை ஷாப்பிங் மாலில் கொண்டுபோய் விட்டால் அவர் நேராக இசைக்கருவிக் கடையில் புகுந்து கீபோர்டுகளை ஒரு வழி பண்ணுகிறார். ஹெவி மெட்டல் ரசிகனுக்கும் பீத்தோவனுக்கும் நடுவில் நாம் கட்டி வைத்திருக்கும் சுவர் அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. டெட்டின் உலகத்தில் 'நல்ல இசை', 'கெட்ட இசை', 'உயர்ந்த இசை', 'கூச்சல்' என்ற தாழ்வாரங்கள் கிடையாது.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். டெட் தோற்கப் போகிறவன். தோற்றால் வீட்டை விட்டு, நண்பனை விட்டு எங்கோ பனிப் பிரதேசத்துக்குப் போக வேண்டியவன். அந்த நிலையிலும் அவன் உடைவதில்லை. காரணம் தைரியம் அல்ல. பக்கத்தில் பில் இருக்கிறான், இருவருக்கும் ஒரு பாட்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

இது சின்ன விஷயமா? ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ முடிவு வரும் நாளில், மனம் உடைந்தவர்கள் 104க்கு அழையுங்கள் என்று அரசே அறிவிக்க வேண்டியிருக்கிற மாநிலம் இது. மதிப்பெண் குறைந்தால் வாழ்க்கையே முடிந்தது என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ஹெவி மெட்டல் பேண்டா? மண்டை ஓட்டு டீ ஷர்ட்டா? இல்லை. 'உருப்படுவது' என்றால் என்ன என்பதற்கு ஒரே ஒரு அர்த்தம் வைத்திருக்கும் உபதேசிகள்தான். டெட்டின் அப்பாவுக்கு அலாஸ்கா என்றால் நம்ம ஊர் அப்பாக்களுக்கு நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள். காலையில் நான்கரைக்கு எழுப்பி ராத்திரி வரை படிக்க வைத்தால் பிள்ளை மனிதனாகிவிடும் என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

'தோற்றவன் எப்படி வாழ்வது' என்று சொல்லிக் கொடுக்கப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. அந்தப் பாடத்தை எடுக்கிறவன் டெட். அவனை முட்டாள் என்கிறோம்.

நிற்க. இந்தப் படம் வந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் டெட்டின் அருமை முழுசாகப் புரியும்.

எண்பதுகளின் அமெரிக்கா ஹெவி மெட்டல் கேட்கும் பையன்களைப் பார்த்துப் பயந்து நடுங்கிய காலம். 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட்டே பாட்டு வரிகளைப் பற்றி விசாரணை நடத்தியது. அரசியல்வாதிகளின் மனைவிமார் சேர்ந்து நடத்திய ஓர் அமைப்புதான் அதற்குக் காரணம். பயங்கரமான ஆள் வரப் போகிறான் என்று எல்லோரும் காத்திருக்க, ட்விஸ்டட் சிஸ்டர் பேண்டின் டீ ஸ்னைடர் சுருட்டை முடியும் ஜீன்ஸுமாக வந்து உட்கார்ந்து, தான் கல்யாணமாகிக் குழந்தை உள்ளவன், குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொன்னார். 1990இல் ஜூடாஸ் பிரீஸ்ட் பேண்டின் மீது நெவாடாவில் வழக்கு. பாட்டில் ஒளித்து வைத்த ரகசிய வார்த்தைகளைக் கேட்டுத்தான் இரண்டு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நிற்கவில்லை.

இதெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்றும் நடந்தது. 1993 மே மாதம் ஆர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் ஊரில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். அதற்காக மூன்று விடலைப் பையன்கள் பிடிக்கப்பட்டார்கள். கொலையோடு அவர்களைச் சேர்த்துக் கட்டும் உருப்படியான தடயம் கிடையாது. ஆனால் அவர்களில் மூத்தவனான டேமியன் எக்கோல்ஸ் கறுப்பு உடை போடுவான், மெட்டாலிகா கேட்பான், மாந்திரீகப் புத்தகங்கள் படிப்பான். கறுப்பு டீ ஷர்ட்டுகள் நீதிமன்றம் வரை போயின. 1994இல் எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். பின்னால் நடந்த மரபணுச் சோதனைகளில் மூவரில் ஒருவருடைய மரபணுவும் அங்கே கிடைத்த தடயங்களோடு பொருந்தவில்லை. பதினெட்டு வருடம் உள்ளே இருந்த பிறகு 2011 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்கள். அதுவும் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் அறிவித்து அல்ல. நிரபராதி என்று சொல்லிக்கொண்டே தண்டனையை ஏற்கும் ஒரு சட்ட ஏற்பாட்டில்.

இந்த வழக்கைப் பற்றி 1996இல் வந்த 'பாரடைஸ் லாஸ்ட்' ஆவணப்படத்துக்கு மெட்டாலிகா தன் இசையைக் கொடுத்தது. அந்த மூவரும் வெளியே வந்த இரண்டே மாதத்தில், 2011 அக்டோபர் 30 அன்று, அதே மெட்டாலிகா பெங்களூர் பேலஸ் மைதானத்தில் வாசித்தது. கறுப்பு டீ ஷர்ட் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான பையன்கள் போனார்கள். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏனாத்தூர் பஸ் ஸ்டாப்பில் யாரும் யாரையும் தூக்கில் போடப் போவதில்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தீர்ப்பு எழுதும் முறை ஒன்றுதான். சட்டையைப் பார், பாட்டைக் கேள், ஆளை முடிவு செய். இப்படிப்பட்ட காலத்தில் ஒரு நகைச்சுவைப் படம் வந்து, இந்தப் பையன்கள் யாரையும் கடிக்க மாட்டார்கள், உங்கள் எல்லோரையும்விட நல்லவர்கள் என்று சொன்னது. எதிர்காலத்து மனிதர்கள் இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட தத்துவமே, ஒருவருக்கொருவர் அருமையாக நடந்துகொள்ளுங்கள் என்பதுதான். செனட் விசாரணையால் ஆகாத காரியம் அது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்ச் சினிமாவில் ஒரு டெட் உண்டா?

கவலையில்லாத பையன்கள் ஏராளமாக உண்டு. ஆனால் எல்லோரும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியவர்கள். 2010இல் வந்த 'பாஸ் என்கிற பாஸ்கரன்' எவ்வளவு கலகலப்பான படம்! அரியர் வைத்துக்கொண்டு, அண்ணன் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு, சந்தானத்தின் சலூனில் பொழுதைக் கழிக்கும் பாஸ்கரன். முக்கால்வாசிப் படம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம். கடைசியில்? டுட்டோரியல் நடத்தி ஜெயித்துக் காட்டினால்தான் மரியாதை. 2014இல் 'வேலையில்லா பட்டதாரி'. மொபெட்டில் சுற்றும் ரகுவரனை எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அவன் கட்டடம் கட்டி முடித்து எதிரியை மண்ணைக் கவ்வ வைத்த பிறகுதான் அவன் 'ஆள்'. இடைவேளை வரை கொண்டாட்டம், இடைவேளைக்குப் பிறகு கணக்குத் தீர்ப்பு. பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் அப்பா, "பாத்தியா, அவனே திருந்திட்டான்" என்று சொல்வதற்கு வசதியாக எடுத்த படங்கள்.

டெட் திருந்துவதில்லை. வித்தியாசம் அதுதான். முதல் படத்தின் தொடக்கத்தில் எப்படிக் கிட்டாரைப் பிடித்தானோ அப்படியேதான் முடிவிலும் பிடிக்கிறான். பரீட்சையில் பாஸ் ஆனதும் மாறவில்லை. இரண்டாம் படத்தில் செத்தே போகிறான். அப்போதும் மாறவில்லை. உயிரை எடுக்க வந்த சாவோடு பலகை விளையாட்டுகள் ஆடி ஜெயிக்கிறார்கள். (ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் 'செவன்த் சீல்' படத்தில் வீரன் ஒருவன் சாவோடு சதுரங்கம் ஆடுவானே, அதைக் கிண்டல் செய்யும் காட்சி.) அதோடு விடுவதில்லை. தோற்ற சாவைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கள் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்க வைக்கிறார்கள்! எமனைத் துரத்திய கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. எமனைக் கச்சேரியில் சேர்த்துக்கொண்ட கதை இருக்கிறதா?

டெட்டுக்கு நெருக்கமாக வரும் ஆட்கள் தமிழில் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 1989 ஜூனில், அதாவது பில்லும் டெட்டும் வந்த அதே வருடம், கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' வந்தது. அதில் கவுண்டமணியும் செந்திலும் யார்? கரகாட்டக் குழுவில் இருப்பவர்கள். ஓட்டைக் காரில் ஊர் ஊராகப் போகும் இசைக்காரக் கூட்டம். வாழைப்பழத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஊர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. அவர்களை யாரும் திருந்தச் சொல்வதில்லை. ஆனால் கவனியுங்கள், அந்தச் சுதந்திரம் துணைப் பாத்திரத்துக்குத்தான். நாயகன் கோயிலில் தீ மிதித்துத் தன்னை நிரூபிக்க வேண்டும். கவலையில்லாதவனுக்கு நடுநாற்காலி கிடையாது.

இதைத் 'தமிழ்ப் பண்பாடு' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. காரணம், காஞ்சிபுரத்துக்காரர்கள் இதை 1400 வருடங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று சமஸ்கிருதத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினான். கதை நடப்பது காஞ்சிபுரத் தெருக்களில். நாயகன் சத்தியசோமன் ஒரு காபாலிகன். கையில் மண்டை ஓடு! கூடவே அவன் துணைவி தேவசோமை. இருவரும் நன்றாகக் குடித்துவிட்டு வருகிறார்கள். மண்டை ஓட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. எதிரே வந்த புத்த பிக்ஷுமேல் பழி போடுகிறான். பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். ஒரே ரகளை. கடைசியில், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய் என்றும், நாயிடமிருந்து அது ஒரு பைத்தியக்காரன் கைக்கு வந்தது என்றும் தெரிகிறது. ஓடு திரும்பக் கிடைக்கிறது. எல்லோரும் சமாதானம். சுபம்.

அந்த நாடகத்தில் காபாலிகனுக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. அவன் குடியை விட்டு விவசாயம் பார்க்கப் போகவில்லை. எழுதியவனோ நாட்டுக்கே அரசன். 'மத்தவிலாசன்' என்பதைத் தன் பட்டப் பெயராகவே வைத்துக்கொண்டவன். 'விசித்திரசித்தன்' என்றும் ஒரு பெயர் அவனுக்கு உண்டு. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டு வெட்டியவன். (ஆமாம், மெட்டல் இல்லாமல்தான். அதற்காக அவனை எதிரணியில் சேர்க்க வேண்டாம்.) மண்டை ஓட்டோடு திரியும் கவலையற்ற ஒருவனைப் பார்த்துச் சிரிக்கவும் தெரிந்து, அவனை அவனாகவே விடவும் தெரிந்த ஒரு காஞ்சிபுரம் இருந்திருக்கிறது. மண்டை ஓட்டு டீ ஷர்ட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் காஞ்சிபுரம்தான் புதுசு.

அடுத்து உபதேசிகள் இரண்டு கேள்வி கேட்பார்கள். இரண்டுமே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்தான்.

முதல் கேள்வி: "கவலையில்லாமல் இருப்பது காசுள்ளவனுக்குச் சரி. கலிஃபோர்னியாவில் போலீஸ் அதிகாரி மகன் கிட்டாரோடு சுற்றலாம். தறி ஓட்டுகிறவன் மகன் சுற்ற முடியுமா?" நியாயமான கேள்வி. பாதி உண்மை. டெட்டுக்கு வீட்டுக்கடன் கவலை கிடையாது. ஆனால் ஹெவி மெட்டல் எங்கே பிறந்தது என்று பார்த்தால் மறு பாதி தெரியும். பர்மிங்காம் இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரம். அங்கே டோனி அயோமி என்ற பையன் பதினேழு வயதில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டுப் போகும் கடைசி நாளன்று இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவனோ இடது கைக்காரன். கிட்டார் நரம்பை அழுத்துவது அந்த வலது கைதான். அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். நரம்பு அழுத்தினால் வலிக்கிறது என்று மெல்லிய நரம்புகளாகப் போட்டான். போகப் போகச் சுருதியையும் தளர்த்தினான். அந்தக் கனத்த, இருண்ட ஓசை பிறந்ததில் அந்த விரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அயோமியின் பேண்ட் பிளாக் சபாத், 1970இல் முதல் ஆல்பம் போட்டது.

ஆக, ஹெவி மெட்டல் பணக்காரப் பையன்களின் பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. மெஷினில் விரலைக் கொடுத்தவன் கண்டுபிடித்த ஓசை அது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்களில் ஷிஃப்டுக்குப் போகும் ஐடிஐ பையன்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் பிரஸ் மெஷின் சத்தத்தில் நின்றவன் திரும்பி வரும்போது காதில் இன்னும் பெரிய சத்தத்தை மாட்டிக்கொண்டு தலையாட்டுகிறான் என்றால் அது திமிர் இல்லை. அந்த நாளில் அவனுக்கென்று இருப்பது அந்த முக்கால் மணி நேரம்தான். கவலை இல்லாதவன் கவலையில்லாமல் இருப்பதில் என்ன பெருமை? கவலை இருப்பவனுக்குத்தான் அது தேவை.

இரண்டாம் கேள்வி: "நம்மகிட்ட இல்லாத இசையா? இந்த வெள்ளைக்காரக் கூச்சல் எதற்கு?" இதற்குப் பதில் இன்னும் சுலபம். வயலினும் வெள்ளைக்காரனுடையதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசாமி தீட்சிதர் போன்றவர்கள் எடுத்து மடியில் வைத்த பிறகு அது கர்நாடக இசையின் உறுப்பாகிவிட்டது. இளையராஜா கிளாசிகல் கிட்டார் கற்று லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஏ.ஆர்.ரஹ்மான் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' என்று சென்னை பேண்டுகளில் கீபோர்டு வாசித்த பையன். அன்றைக்கு அவரைப் பார்த்து எத்தனை பேர் 'உருப்படாது' என்று சொல்லியிருப்பார்களோ! இன்னும் ஒன்று: சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய 'ருத்ரா' என்ற பேண்டின் பாடகர் கதிரேசன் என்ற தமிழர். அவர்கள் வாசிப்பது உறுமலும் இடியுமான டெத் மெட்டல். பாடுவதோ வேதாந்தம்! 'பிரம்மவித்யா' என்ற பெயரில் 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பங்கள். சங்கர மடத்துப் பல்கலைக்கழகம் இருக்கிற ஏனாத்தூரில் மண்டை ஓட்டு டீ ஷர்ட் பையனின் இயர்போனில் ஓடுவது உபநிஷத்தாகக்கூட இருக்கலாம். கேட்காமலே எப்படித் தெரியும்?

'கூச்சல்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும். பறையையும் கானாவையும் அப்படிச் சொல்லித்தான் ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். இன்றைக்கு அதே பறை கல்லூரி விழா மேடையில் அடிக்கப்படுகிறது. முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களில் அன்று முகம் சுளித்தவர்களும் உண்டு. சத்தத்தின்மேல் வரும் வெறுப்பு பல நேரம் சத்தத்தின்மேல் வருவதில்லை, சத்தம் போடுகிறவன்மேல் வருகிறது.

டெட் குறையே இல்லாதவன் என்று யாரும் சொல்லவில்லை. முதல் படத்தில் ஓரிடத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, உடனே விலகி, ஒருபால் ஈர்ப்புள்ளவர்களை இழிவுபடுத்தும் சொல்லால் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள். எல்லோரிடமும் அருமையாக நடந்துகொள்ளச் சொன்ன படத்துக்கே அது அசிங்கம். இடைக்காலத்திலிருந்து கூட்டிவரும் இரண்டு இளவரசிகளுக்கும் அழகாக நிற்பதைத் தவிர வேலையில்லை. இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. எதிர்கால உலகமே இவர்கள் இசையால்தான் ஆனது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், கவலையில்லாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? அதுவும் ஒருவகை 'ஜெயித்துக் காட்டுதல்'தானே, பாஸ்கரனின் டுட்டோரியல் மாதிரி?

இந்த ஓட்டையை அடைத்தது 2020இல் வந்த மூன்றாம் படம், 'ஃபேஸ் த மியூசிக்'. பில்லுக்கும் டெட்டுக்கும் நடுவயது. உலகத்தை ஒன்றாக்கும் அந்தப் பாட்டு இன்னும் வரவில்லை. கச்சேரிக்குக் கூட்டம் இல்லை. ஊர் பார்வையில் இரண்டு தோற்றுப்போன ஆசாமிகள். 'உருப்படவில்லை' என்ற தீர்ப்பு முப்பது வருடம் கழித்து உறுதியாகிவிட்டது. அப்போதும் டெட் டெட்டாகவே இருக்கிறான். கடைசியில் அந்தப் பாட்டைச் செய்வது அவர்கள்கூட இல்லை. அவர்களுடைய மகள்கள் பில்லியும் தியாவும் ஆர்ம்ஸ்ட்ராங், ஹெண்ட்ரிக்ஸ், மொஸார்ட் என்று காலங்காலமாக இசைக்காரர்களைத் திரட்டி வருகிறார்கள். உலகத்தில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதுதான் அந்தப் பாட்டு. மேதை என்று யாரும் தேவைப்படவில்லை. இரண்டு அப்பாக்களும் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறார்கள், சந்தோஷமாக. தங்கள் பிள்ளைகளைப் பார்த்து "எங்க உருப்படப் போவுது" என்று ஒருநாளும் சொல்லாத அப்பாக்கள். மூன்று படங்களிலும் டெட் செய்த ஆகப் பெரிய சாதனை இதுதான். தன் அப்பா தனக்குச் செய்ததைத் தன் மகளுக்கு அவன் செய்யவில்லை.

இதற்குப் பிறகும் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும் என்று துடிக்கிறவர்கள் உத்திரமேரூர் வரை ஒரு நடை போய்வரலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் வாரியத்துக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கும் நிலமில்லாதவனுக்கும் இடமில்லை. ஆகப் பெரிய சமத்துவச் சபை ஒன்றும் அல்ல அது. ஆனாலும் அவர்களுக்கே ஒரு நிதானம் இருந்தது. 921ஆம் வருடத்துக் கல்வெட்டின்படி முப்பத்தைந்து வயது ஆகும் வரை ஒருவன் பெயரை ஓலையில் எழுதவே மாட்டார்கள்.

குடத்தில் ஓலை போட்டவர்களுக்கே முப்பத்தைந்து வருடம் பொறுமை இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நமக்கு மூன்று நொடிதான். பஸ் வரட்டும், பையன் ஏறட்டும். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன தம்பி பாட்டு அது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்க இயர்போனைக் கழற்றிக் கொடுப்பான். டெட்டாக இருந்தால் அதைத்தான் செய்வான்.